இடுப்பளவு கேட்ட குழுவுக்கு ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
டீக்கடை பெஞ்சின் நிரந்தர உறுப்பினர்,
ரிஷிவந்தியம், வாணாபுரம் வட்டம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பல்கலைக்கழக மானியக் குழு,
பகதூர் ஷா சஃபர் மார்க், புது தில்லி.

பொருள்: கல்லூரி வளாகங்களில் ஜங்க் ஃபுட் தடை – தடை செய்யும் அளவுக்கு இங்கே கையிருப்பு இல்லாமை – தொடர்பாக.

பார்வை: தங்கள் சுற்றறிக்கை, நவம்பர் 2016, அதன் நினைவூட்டல், ஆகஸ்ட் 2018.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கல்லூரிகளில் ஜங்க் ஃபுட் விற்கக் கூடாது என்று நாட்டின் துணைவேந்தர்களுக்கெல்லாம் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கையைச் சமீபத்தில்தான் கருத்தூன்றிப் படித்தேன். தாமதத்துக்குப் பொறுத்தருளவும். எட்டரை மணி பஸ் ஒன்பதே காலுக்கு வரும் பக்கத்தில் தில்லிக் காகிதத்தை மட்டும் குறை சொல்ல எங்களுக்கு மனசு வராது.

2016 நவம்பர் என்றால் பழைய நோட்டு செல்லாது என்று நாடே ஏ.டி.எம். வாசலில் நின்ற மாதம். கையில் இருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு ஒரு டீ கூடக் கிடைக்காத அந்த நாட்களில், மாணவர்கள் அளவுக்கு மீறித் தின்று பருத்துவிடுவார்களே என்று கவலைப்பட ஓர் அலுவலகமாவது இருந்ததை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது. மாணவர்களின் உடல் கொழுப்பு விகிதத்தை அளக்க வேண்டும், உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இடுப்புக்கும் இடைக்குமான விகிதத்தைக் கணக்கிட வேண்டும், நலக் குழுக்கள் அமைத்துச் சத்துணவு பற்றி ஆலோசனை வழங்க வேண்டும் என்றெல்லாம் அதில் யோசனை சொல்லியிருந்தீர்கள்.

இடுப்பு விகிதத்தில்தான் எங்களுக்கு முதல் சிக்கல். எங்கள் ஊர்ச் சாமி அர்த்தநாரீஸ்வரர். தேன் அபிஷேகத்தின்போது லிங்கத்தில் அம்மையப்பர் வடிவம் தெரியும் என்று ஊர் ஊராக வந்து பார்த்துப் போகிறார்கள். அவருக்கே பாதி இடுப்பு ஒரு கணக்கு, மறு பாதி வேறு கணக்கு. எடை பார்ப்பதில் அவ்வளவு கஷ்டமில்லை. மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்பு லாரி ஏறும் எடை மேடைகள். பி.ஏ. தமிழ் முதலாமாண்டு மொத்தத்தையும் ஏற்றி நிறுத்தலாம். முள் அசைந்தால் சொல்லி அனுப்புகிறேன்.

ஐயா, தங்கள் குழு சட்டப்படி அமைந்தது 1956இல். அதே 1956இல்தான் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ஒரே வயதுக்காரர்கள் என்பதால் இந்த உரிமையை எடுத்துக்கொண்டு, எங்கள் மாநிலத்தில் ஒரு வயிறு எப்படி வளர்கிறது என்று தங்களுக்குச் சொல்கிறேன். கல்லூரி மாணவரின் சாப்பாட்டுப் பழக்கம் ஏன் மாறுகிறது என்று ஆராய்கிறவர்கள் ருசி, விளம்பரம், செல்போன், சகவாசம் என்று பல காரணம் சொல்வார்கள். இங்கே அரசாணையை வரிசையாக அடுக்கினாலே போதும்.

பிறந்து சில மாதங்களில் அங்கன்வாடிச் சத்துமாவு. பள்ளியில் சேர்ந்ததும் சத்துணவு. எம்.ஜி.ஆர். 1982இல் அதை விரிவாக்கினார், கருணாநிதி 1989இல் முட்டை வைத்தார், ஜெயலலிதா 2013இல் அதைக் கலவை சாதமும் மிளகு முட்டையுமாக மாற்றினார். ஸ்டாலின் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவைத் தொடங்கினார். மறு ஆண்டு ஆகஸ்டில் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஆட்சிகள் மாறினாலும் தட்டை மட்டும் யாரும் பிடுங்கவில்லை. இந்த விஷயத்தில் எங்களுக்குப் பெருமை உண்டு, கொஞ்சம் திமிரும் உண்டு.

ஆனால் வயிற்றுக்கும் ஓய்வு பெறும் வயது உண்டென்று அரசு கண்டுபிடித்திருக்கிறது. காலைப் பசி ஐந்தாம் வகுப்போடு ஓய்வு பெறுகிறது. மதியப் பசி பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு எழுதிவிட்டு ஓய்வு பெறுகிறது. பதினோராம் வகுப்பில் கால் வைக்கும் பிள்ளைக்குப் பசி என்ற உறுப்பே இருப்பதில்லை. டிகிரிக்கு வந்தபின் கேட்கவே வேண்டாம். இப்போது ஒரு வீட்டில் தம்பி மூன்றாம் வகுப்பு, அக்கா பி.எஸ்சி. கணிதம் என்றால், தம்பி பள்ளிக்கூடத்தில் பொங்கலும் சாம்பாரும் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் அக்கா பகண்டை கூட்டுரோட்டில் வெறும் வயிற்றோடு பஸ்ஸின் படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அடுப்புப் பற்ற வைத்திருப்பார்கள். உலை கொதிப்பதற்குள் பஸ் போய்விடும். அதுவும் ஷிப்ட் முறை உள்ள கல்லூரியில் காலை ஷிப்ட் கிடைத்தவர் பாடு இன்னும் விசேஷம்.

இனி தங்கள் ஆளுகைக்கு உட்பட்ட மூன்று வருடங்களுக்கு வருகிறேன்.

முதல் வருடம் டிபன் பாக்ஸ். எலுமிச்சைச் சோறு, புளிச்சோறு, தக்காளிச் சோறு. தொட்டுக்கொள்ள ஊறுகாய், கூலி வந்த வாரம் ஓர் அவித்த முட்டை. நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கை அள்ளுவார்கள். பாக்ஸ் கொண்டு வராதவனும் அந்த வட்டத்தில் இருப்பான், அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்க மாட்டார்கள். தங்கள் நலக் குழு செய்ய வேண்டிய வேலையை இந்த வட்டம் சுற்றறிக்கை எதுவும் இல்லாமல் செய்துவிடுகிறது.

இரண்டாம் வருடம் பையன்களுக்கு மீசை தெளிவாகிவிடும், டிபன் பாக்ஸ் தூக்கக் கூச்சம் வந்துவிடும். அப்போதுதான் தாங்கள் தடை செய்த பொருள் அரங்கேறுகிறது. முட்டை பப்ஸ் ஒன்று, டீ ஒன்று. சாயங்காலம் பஸ் ஏறும் முன் கையேந்தி பவனில் எம்ப்டி பரோட்டா இரண்டு. “அண்ணே, சால்னா நெறைய ஊத்துங்கண்ணே” என்று சொல்லும் குரலைத் தாங்கள் ஒருமுறை கேட்க வேண்டும். அதில் கறி கிடையாது, கறி வெந்த நினைப்பு உண்டு. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்து, இலையை வழித்து, கடைசிச் சொட்டுக்கும் வழி பண்ணிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். இதைத்தான் தில்லியில் வாழ்க்கை முறை நோய்க்கான காரணி என்கிறீர்கள். மைதாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. காலை ஆறரை மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நடுவே வேறு எதுவும் உள்ளே போகாத பிள்ளைக்கு அதுதான் அன்றைய முதல் சாப்பாடு என்பதை மட்டும் தகவலுக்காகச் சொல்கிறேன்.

காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் அதே 1,000. அது புத்தகத்துக்கு என்று அரசு நினைக்கிறது, ரீசார்ஜுக்கு என்று செல்போன் நினைக்கிறது, மகளிர் குழுத் தவணைக்கு என்று அம்மா நினைக்கிறாள். மூவரும் பேசி முடித்த பிறகு மிஞ்சுவது பப்ஸ் பக்கம் வருகிறது.

மூன்றாம் வருடம் பையன் சம்பாதிக்கத் தொடங்கிவிடுகிறான். முகூர்த்த நாளில் கள்ளக்குறிச்சி மண்டபம் எதற்காவது வந்து பாருங்கள். கறுப்பு பேன்ட், கான்ட்ராக்டர் கொடுத்த டி-ஷர்ட், கையுறை, தலையில் வலைத் தொப்பி. வாளியும் கரண்டியுமாகப் பந்தியில் ஓடுகிறவர்களில் பலர் பி.காம்., பி.சி.ஏ. மாணவர்கள். கூலி அறுநூறோ எழுநூறோ, வேலை முடிந்ததும் சாப்பாடு. பந்திக்கு முந்து என்று சொன்னவர் கேட்டரிங் வேலைக்குப் போனதே இல்லை. இவர்கள் உட்காருவது கடைசிப் பந்தி. அல்வா தீர்ந்திருக்கும், அப்பளம் நமத்திருக்கும், ஐஸ்கிரீம் கப்பில் பாலாக இருக்கும். என்றாலும் பொரியல், கூட்டு, காரக்குழம்பு, ரசம், மோர் என்று இலை நிறையச் சாப்பிடுவது வாரத்தில் அந்த ஒரு வேளைதான். சமச்சீர் உணவு என்று தாங்கள் எழுதியிருக்கக்கூடிய அத்தனையும் அந்த இலையில் இருக்கும், யார் வீட்டுக் கல்யாணம் என்பது மட்டும் சாப்பிடுகிறவனுக்குத் தெரியாது. மறுநாள் காலை வகுப்பில் தூங்குவான். 75 சதவீத வருகைப் பதிவு விதி அவனைக் கண்டிக்கும்.

பெண்களின் கதை வேறு. அவர்கள் கையேந்தி பவனில் நிற்பதில்லை, நிற்கவும் விடமாட்டார்கள். கடைசி வருடம் வரை அதே டிபன் பாக்ஸ், வர வர அளவு குறையும். தண்ணீர் பாட்டில் காலையில் நிறைந்து போகும், மாலையில் பாதி நிறைந்தபடியே திரும்பி வரும். காரணம் தாகமில்லாததல்ல. கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்ற பயம். ஊட்டச்சத்து ஆலோசனைக்குத் தாங்கள் அமைக்கச் சொன்ன நலக் குழு முதலில் அந்தக் கழிப்பறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் ஆலோசனை வழங்கினால் நல்லது. தண்ணீர் குடிக்காதவளின் இடை அளவை நாடாவில் அளந்தால் தங்கள் அட்டவணைப்படி அவள் மிகச் சரியாக இருப்பாள்.

அரசு விடுதியில் இடம் கிடைத்தவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் குறை. கல்லூரி விடுதி மாணவருக்கான உணவுப்படி 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அரிசி தனியாக வந்துவிடும். ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளை. காய், பருப்பு, எண்ணெய், முட்டை, கறி எல்லாம் இதற்குள். முப்பத்தொன்றாம் தேதி உள்ள மாதங்களைத் தங்கள் குழு ரத்து செய்ய முடியுமா என்று வார்டன்கள் சார்பில் கேட்கிறேன். இந்த ஐம்பது ரூபாயில் சமைப்பவர்கள் எந்தக் கேட்டரிங் கல்லூரியிலும் வகுப்பெடுக்கத் தகுதியானவர்கள்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடம் நடந்தது. வெள்ளிமலைப் பக்கமும் சேராப்பட்டுப் பக்கமும் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான் பாட்டி காலத்துச் சாப்பாடு. 2011 ஜூனில் ரேஷன் அரிசி விலையில்லாமல் வந்தது. நல்ல காரியம், பசியாற்றியது. சாமை மெல்ல ஒதுங்கியது. உண்டு உறைவிடப் பள்ளியில் வெள்ளைச் சோற்றுக்கு நாக்கு பழகியது. கீழே கல்லூரிக்கு வந்தால், 2023 சர்வதேச சிறுதானிய ஆண்டாம். எங்கு பார்த்தாலும் சிறுதானிய உணவுத் திருவிழா. சாமை கட்லெட், தினை லட்டு, கேழ்வரகு பிஸ்கட். பாட்டி கிண்டிய களியை விட்டுவிட்டு வந்த பெண்ணிடம் அதே தானியத்தின் மகத்துவத்தை ஒலிபெருக்கியில் விளக்கி, ஒரு லட்டை இருபது ரூபாய் என்று நீட்டியிருப்பார்கள். அவள் வாங்கியிருந்தால் புதுமைப்பெண் பணம்தான்.

வெளிநாட்டு உதாரணம் இல்லாமல் எதையும் தில்லி ஏற்காது என்று கேள்வி. தென் கொரியாவில் 2017 முதல் வேளாண் அமைச்சகம் கல்லூரிகளோடு சேர்ந்து 1,000 வோன்களுக்குக் காலை உணவு போடுகிறது. நம் பணத்தில் அறுபது ரூபாய்ச் சொச்சம், மீதிச் செலவு அரசுக்கும் கல்லூரிக்கும். மாணவர்கள் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள், விளைந்த அரிசியோ தின்ன ஆளில்லாமல் கிடக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார்கள். நெல் எங்களிடமும் உண்டு. கொள்முதல் நிலைய வாசலில் மழையில் நனையவும் செய்கிறது. அதைச் சமைப்பதற்குத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது தெரியும். சமைக்கும் அதிகாரம் இல்லாதவர்களுக்குத் தடுக்கும் அதிகாரம் மட்டும் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்பதுதான் புரியவில்லை.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் ஜங்க் ஃபுட் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி ஒன்றும் இருக்கிறது. அதன் விளைவாக ஐம்பத்தோராவது மீட்டரில் வாடகை ஏறும் என்பது எங்கள் பெஞ்சின் கணிப்பு. 2025இல் மத்திய சுகாதார அமைச்சகம் எதில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு சர்க்கரை என்று பலகை வைக்கச் சொன்னது. எங்கள் டீக்கடையில் வடைத் தட்டுக்கு மேலே ஏற்கெனவே ஒரு பலகை தொங்குகிறது: கடன் அன்பை முறிக்கும். மாணவர்களின் எண்ணெய் நுகர்வை இதுவரை கட்டுப்படுத்தி வருவது அதுதான்.

கல்லூரிகளுக்கு நல்ல சாப்பாடு போடத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு நேரில் வந்துகொண்டிருந்த நாட்களில் எந்தக் கல்லூரிக்காவது போய்ப் பார்த்திருக்க வேண்டும். முந்திரி, பாதாம் பால், சீவிய இளநீர், தோல் உரித்த ஆரஞ்சு, மதியத்துக்கு வாழையிலை. மாணவர்கள் தட்டு தூக்கி நிற்பார்கள், பரிமாறப் பழகிய கை அல்லவா. ஆகவே என் கோரிக்கை சிறியது: அந்தக் குழுவை முன்னறிவிப்பு இல்லாமல், செமஸ்டர் முழுக்க, தினமும் அனுப்பி வையுங்கள். மிச்சம் மீதியில் முந்நூறு பேர் தேறிவிடுவார்கள்.

அது முடியாதென்றால், இடுப்பளவு எடுக்கும் நாடாவோடு தாங்களே ஒரு திங்கட்கிழமை பதினொன்றே முக்காலுக்கு வாருங்கள். முந்தின நாள் முகூர்த்த நாளாக இருந்தால் பையன்களை விட்டுவிடுங்கள், அந்த அளவு செல்லாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெஞ்ச் உறுப்பினர்.

நகல்:
1. மாவட்ட ஆட்சியர், கள்ளக்குறிச்சி – தகவலுக்காக.
2. பதிவாளர், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் – எங்கள் பக்கக் கல்லூரிகள் 2021 முதல் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை என்பதால்.
3. பரோட்டா மாஸ்டர், கையேந்தி பவன் – தகவலுக்காக மட்டும். எந்த நடவடிக்கையும் வேண்டாம், ஆறு மணி பஸ்ஸுக்குள் இரண்டு செட் தயாராக இருக்கட்டும்.