தடவிப் பார்த்தால் வயசு தெரியும்!

கே: தென்னங்கன்று வைக்கக் குழி தோண்டினோம். தண்ணீர் வரவில்லை, பச்சைப் பாட்டில் வந்தது. அதன் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், பொள்ளாச்சி

ப: பக்கவாட்டில் நெடுக ஓடும் அச்சுக்கோட்டை விரலால் தடவுங்கள். கோடு கழுத்தோடு நின்று, வாய் மட்டும் வழவழவென்று இருந்தால் வாயைக் கையால் செய்து முடித்திருக்கிறார்கள். விளிம்பு வரை ஏறினால் அது மெஷின் பாட்டில். அமெரிக்காவின் மைக்கேல் ஓவன்ஸ் 1903-ல் முழுத் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கிய பிறகு பரவிய ரகம்.

கே: அடிப்பாகம் முட்டை மாதிரி இருக்கிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. செய்தவர் குடித்திருந்தாரோ? – வாசகி, ஏற்காடு

ப: குடிக்காதவர்களுக்காகச் செய்தது! அந்தக் காலத்து சோடா பாட்டில். படுத்தே கிடந்தால்தான் தக்கை நனைந்திருக்கும். காய்ந்து சுருங்கினால் 'கேஸ்' போய்விடும்.

கே: கோலி சோடா பாட்டில் கிடைத்தது. வாய் உடைந்திருக்கிறது, கோலியைக் காணோம்! – வாசகர், விருதுநகர்

ப: வீட்டுப் பெரியவர்களை விசாரியுங்கள், கோலி விளையாடிய குற்றவாளி சிக்கலாம். இங்கிலாந்தின் ஹிராம் காட் 1870-களில் பேடன்ட் வாங்கிய வடிவம் இது. உள்ளிருக்கும் வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கும். இன்றும் கடைகளில் இருப்பதால், வடிவத்தை மட்டும் பார்த்து 'பழசு' என்று துள்ளாதீர்கள்.

கே: டெக்ஸஸில் மகன் வாங்கிய பண்ணையில் ஒரு கோகோ கோலா பாட்டில் கிடைத்தது. 'டிசம்பர் 25, 1923' என்று பொறித்திருக்கிறது. அன்று செய்ததுதானே? – வாசகி, திருச்சி

ப: கடை போர்டில் 'ஸ்தாபிதம் 1950' என்றிருந்தால், உள்ளே இருக்கும் வடையும் 1950-ல் சுட்டதா? அது பேடன்ட் தேதி. 1930-களில் வந்த பாட்டில்களிலும் அதே தேதிதான். சேகரிப்பவர்கள் அதைக் 'கிறிஸ்துமஸ் பாட்டில்' என்பார்கள்.

கே: கருநீலப் பாட்டில், மேலெல்லாம் வரிவரியாகப் புடைப்பு. உள்ளே ஏதோ குலுங்குகிறது. திறக்கலாமா? – வாசகர், கோத்தகிரி

ப: கூடவே கூடாது! பழைய விஷ பாட்டிலாக இருக்கலாம். இருட்டில் மருந்தென்று நினைத்து எடுப்பவரின் விரல் எச்சரிக்கட்டும் என்றுதான் அந்தப் புடைப்பு.

கே: இதையெல்லாம் புதையல் என்று அரசாங்கம் கேட்குமா? – வாசகர், தேனி

ப: 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம். பழைய பேப்பர் கடைக்காரர் சொல்லும் விலையைக் கேட்டால் கலெக்டருக்கு வேலையே இருக்காது!