சோறு போட்ட சரித்திரம்

பொன்னேரிப் பக்கத்து அரசுப் பள்ளி எதுவும் ஆண்டு மலர் போட்டால் முதல் பக்கத்தில் வள்ளுவர், அடுத்த பக்கத்தில் அமைச்சர், அதற்கடுத்து 'கல்விப் பயிர் வளர்த்த சான்றோர்' என்று வரிசை போகும். சமையற்கூடத்தின் படம் மட்டும் இருக்காது. நம் பள்ளிக்கூடங்களை வளர்த்தது அதுதான். சான்றோர் கோபித்துக்கொள்ளட்டும்.

ஆதியில் திண்ணை இருந்தது. மணலில் விரலால் எழுத்து, வாத்தியார் தூங்கும்போது சட்டாம்பிள்ளையின் ராஜ்யம், தப்பு செய்தால் கோதண்டம். பையனைக் கயிற்றில் தொங்கவிடுவதற்கு ராமருடைய வில்லின் பெயரை வைத்த பக்தி வேறு எந்த நாட்டில் உண்டு? 1822-ல் கவர்னர் தாமஸ் மன்றோவுக்கு ஒரு சந்தேகம் வந்தது: இந்த ஜனங்கள் படிக்கிறார்களா, இல்லையா? எண்ணச் சொல்லிக் கலெக்டர்களுக்குக் கடிதம் போட்டார். நாலு வருஷம் கழித்துக் கணக்கு முடிந்தது: சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். போதாது என்ற துரை, தாலுகாவுக்கு ஒரு சர்க்கார் பள்ளி, வாத்தியாருக்கு மாதம் 9 ரூபாய் என்று திட்டம் போட்டார். மறு வருஷமே காலரா அவரைக் கொண்டுபோனது. ஒன்பது ரூபாய்க்கு வந்தவர்கள் ஒன்பது ரூபாய்க்குத் தக்கபடி சொல்லிக்கொடுத்தார்கள். 1836-ல், பிரயோஜனமில்லை என்று பள்ளிகளை மூடிவிட்டார்கள். சம்பளத்தைக் கூட்டிப் பார்க்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மன்றோ மட்டும் தீவுத்திடல் பக்கம் இன்னும் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார்.

அப்புறம் வந்தது ஜில்லா போர்டு காலம். இங்கிலீஷ் வந்தவன் குமாஸ்தா ஆனான், வராதவன் ஏர் பிடித்தான். தாண்டிப் போவோம்.

1920-ல் சென்னை மாநகராட்சியில் பிட்டி தியாகராயர் ஒரு காரியம் செய்தார். ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு, தலைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு கூடாது. வருகைப் பதிவேடு தடித்தது. வெள்ளைக்கார சர்க்காருக்கு அந்த ஓரணாவும் உறுத்தி, 1925-ல் திட்டம் நின்றது.

1953-ல் ராஜாஜி வேறு வழி கண்டார். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் மூன்று மணி நேரம் படிப்பு, மிச்ச நேரம் வீட்டுத் தொழில். அதாவது பழவேற்காட்டுப் பையன் காலையில் வாய்ப்பாடு சொல்லிவிட்டு மத்தியானம் வலை இழுக்க வேண்டும். அப்பன் தொழிலே போதும் என்றால் வாய்ப்பாடு எதற்கு என்று ஊரே கேட்டது. மறு வருஷம் திட்டமும் போனது, முதலமைச்சரும் போனார்.

அடுத்து வந்த காமராசர் 1956-ல் சோற்றுப் பானையை ஏற்றினார். மாடு மேய்க்கப் போனவன் தட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். வந்தவன் ஐந்தாவதோடு நிற்பானா? உயர்நிலைப் பள்ளி கேட்டான். 1978-ல், கல்லூரியில் இருந்த பி.யு.சி.யை ஒழித்துவிட்டுப் பள்ளிகளில் பிளஸ் டூவைக் கொண்டுவந்தார்கள். 'உயர்நிலை'யை அழித்து 'மேல்நிலை' என்று எழுதியதில் பெயிண்டருக்குப் பிழைப்பு நடந்தது. ஆய்வகம் பெயிண்டர் கையில் இல்லை. அது மெதுவாக வந்தது.

ஆய்வகமோ வேறெதுவோ, கேட்பதானால் அந்நாளில் பொன்னேரிக்காரர் சென்னையைத் தாண்டிக் காஞ்சிபுரம் போகவேண்டும். மாவட்டத் தலைநகர் அங்கே. 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. விடிந்தது என்று ரயிலேறினால், பேசின் பிரிட்ஜ் வரை போய் வண்டி மாறித் திரும்ப மேற்கே வரவேண்டும்.

சோற்றுக்குத் திரும்புவோம். எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் சத்துணவு தொடங்கினார். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும். வளர்ந்தவன் வாசனை பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் காத்திருந்தான். பத்தாம் வகுப்பு வரைக்கும் நீண்டது 1984-ல்தான். பின்னால் முட்டை வந்தது, சைக்கிள் வந்தது, 2011-ல் லேப்டாப்பும் வந்தது. இலவசம், இலவசம் என்று டீக்கடையில் சலித்துக்கொண்டவர்களின் பேத்திகள் அந்தச் சைக்கிளில்தான் பிளஸ் டூவுக்குப் போனார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இரும்பு உருக்க வந்த வடநாட்டுத் தொழிலாளியின் பிள்ளையும் இன்று அதே வரிசையில் தட்டோடு நின்று, தமிழில் சண்டை போடுகிறது.

பக்கத்து எண்ணூர்த் துறைமுகத்துக்கு 2014-ல் காமராசர் பெயரை வைத்தார்கள். பானை ஏற்றியவர் பெயரில் நிலக்கரி இறங்குகிறது.

2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போனதும் காலையில் பசிக்காது என்று எந்த மன்றோ கணக்கெடுத்துச் சொன்னாரோ தெரியவில்லை. போன தடவை இரண்டு வருஷத்தில் கண் திறந்த சர்க்கார், இந்தத் தடவையும் உயர்நிலைப் பள்ளிப் பக்கம் கொஞ்சம் கரண்டியை நீட்டட்டும்.