தாமான் துபாஷி

ஈப்போவில் எந்தத் தாமானுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசலில் ஒரு மாமரம், கேட்டுக்கு உட்புறம் ஒரு பிரம்பு நாற்காலி, அதில் கைலி கட்டிய ஒரு பெரியவர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு கடிதத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். கடிதம் அவருக்கு வந்ததாக இருக்காது. மாநகர் மன்றத்திலிருந்து ஐந்தாம் வீட்டுக்கு வந்த மலாய்க் கடிதமாகவோ, வங்கியிலிருந்து ஒன்பதாம் வீட்டுக்கு வந்த ஆங்கிலக் கடிதமாகவோ இருக்கும். படித்து முடித்ததும், "பயப்பட ஒண்ணுமில்ல" என்பார். சில சமயம் பயப்பட நிறையவே இருக்கும்.

இவர்தான் தாமான் துபாஷி. அந்தக் காலத்தில் துபாஷி என்றால் இருமொழி தெரிந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்ஸுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி வரலாற்றில் இடம் பிடித்தார். நம்மவர் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு துரைதான். இவருக்கோ தாமான் முழுக்கத் துரைகள். சம்பளம், ஒரு கிளாஸ் தே ஓ.

"எத்தனை பாஷை தெரியும்?" என்று கேட்டால், "நாலு. எல்லாம் அரைகுறைதான் தம்பி" என்பார். நாலு அரை சேர்ந்தால் இரண்டு முழு என்பது அவர் கணக்கு.

முதல் அரையான தமிழ் கிடைத்த இடம், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்து லயம். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டமே பள்ளி நடத்தவேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். இவர் சேர்ந்தபோதும் பள்ளி ஒரே கூடம்தான், வாத்தியாரும் ஒருவர்தான். எல்லா வகுப்பும் ஒரே கூரையின்கீழ் நடந்ததால், ஆறாம் வகுப்புப் பாடத்தை முதல் வகுப்பிலேயே காதால் முடித்துவிட்டதாகச் சொல்வார். பிறகு ஏன் ஆறு வருஷம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

ஆங்கிலத்தைப் பள்ளிக்கு முன்பே கற்றுவிட்டார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் துரை போட்ட சத்தம்தான் அவருக்கு அரிச்சுவடி. அர்த்தம் புரியாவிட்டாலும் ராகம் பதிந்துவிட்டது. அப்புறம் டவுனில் புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களை ஒரு வருஷம் ஊறப்போட்டு, படிவம் ஒன்றுக்குள் தள்ளும் வகுப்பு அது. அங்கே இலக்கணம் வந்தது, ராகம் மாறவில்லை. ஆகவே இன்றும் அவருக்கு ஆங்கிலம் வந்தால் கோபம் வந்துவிடும், கோபம் வந்தால் ஆங்கிலம் வந்துவிடும். தொலைபேசியில் பில் கட்டணத்தைக் கேட்டு, "ஐ வான்ட் டு சீ யுவர் மேனேஜர்!" என்று அவர் முழங்கும்போது குரல் மட்டுமல்ல, மீசையும் வெள்ளைக்காரனுடையதாகிவிடும்.

மலாய் பேசும்போது ஆளே வேறு. தோள் குறுகும், குரல் இறங்கும், வழி காட்டினால்கூட ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டு பெருவிரலால் காட்டுவார். மலாய்க்காரர்களுக்கு அதுதான் மரியாதை. அரசாங்க முகப்பிடத்தில் அவர் "தொலோங்" என்று குழையும் குழைவில், எட்டு நாள் அலைந்தவனுடைய படிவமும் அன்றைக்கே முத்திரை வாங்கிவிடும். மலாய்க்கு அவர் காட்டும் இன்னொரு மரியாதை, அதன் பாதியைத் தமிழுக்கு எழுதிவைப்பது. கெடாய் நம் கடை, காப்பால் நம் கப்பல், கோலாம் நம் குளம், கெல்டாய் நம் கழுதை என்பார். இவ்வளவும் உண்மைதான், அகராதிகளே ஒப்புக்கொண்டவை. அத்தோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். நிறுத்தமாட்டார். "சாப்பிடறதுக்கு 'மாக்கான்'னு ஏன் பேர் வந்துச்சு தெரியுமா? வீட்டுல மகன்தானே அதிகமா சாப்பிடுவான்!"

கான்டனீஸை ஈப்போவின் இரும்புக் கடையொன்றில் தவுக்கேயிடம் கற்றார். அதனால் அவருக்கு அது காசுக்கான மொழி. சந்தையில் பேரம் பேசத் தொடங்கினால் குரல் இரண்டு கட்டை ஏறிவிடும். அந்த மொழியில் 'மாய்' என்றால் வாங்குவது. தொனி கொஞ்சம் பிசகினால் அதே 'மாய்' விற்பது. நாற்பது வருஷமாக மீன்கடைக்குப் போய், "மீன் விற்க வந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மீன்காரரும் நாற்பது வருஷமாக அவருக்கு மீனை விற்றுக்கொண்டிருக்கிறார்.

தமிழ், அறிவுரைக்கும் மேடைக்கும். பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்தால், "தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு" என்று ழகரம் தெறிக்க முழங்குவார். அவருடைய பேத்தி படிப்பது சீனப்பள்ளியில். மகள் எடுத்த முடிவு. யாராவது சுட்டிக்காட்டினால், "அவளைத் தூதரா அனுப்பியிருக்கோம்" என்பார்.

இப்படியாக, மாம்பழம் பறித்தால் அந்த வீட்டில் மூன்று மொழியில் எண்ணுவார்கள். தாத்தா தமிழில். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறிய 2003-இல் முதல் வகுப்பில் சேர்ந்த கடைசி மகன் ஆங்கிலத்தில். பேத்தி சீனத்தில். பழக்கணக்கு மட்டும் என்றைக்கும் உதைப்பதில்லை.

துபாஷியின் தொழில் நுட்பத்தைப் பார்க்க வேண்டுமானால் வேலியோரம் நிற்கவேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி. நம்மவர் மனைவிக்கும் அவளுக்கும் பாசார் மலாய் தெரியும். ஆனால் அது விலை கேட்கத்தான் காணும். சண்டை தாய்மொழியில்தான் வருகிறது.

சீனர்களின் ஏழாம் மாதம். பாட்டி முன்னோருக்குக் காகிதம் எரிக்கிறாள்.

"இந்தக் கெழவிக்கு எரிக்க வேற எடமே இல்லியா? என் வடகமெல்லாம் சாம்பல்! கேளுங்க!"

துபாஷி வேலிப்பக்கம் திரும்பிக் கான்டனீஸில் சொல்வார்: "படையலெல்லாம் நல்லா முடிஞ்சுதான்னு வீட்டுல கேக்கறாங்க."

பாட்டி பொரிவாள்: உங்கள் மரத்து இலை என் கால்வாயை அடைக்கிறது, வெட்டுகிறீர்களா, நான் வெட்டட்டுமா?

"என்னவாம்?" என்பாள் மனைவி.

"போன வருஷம் நம்ம மாம்பழம் தேனா இருந்துச்சாம்."

மனைவி உருகி நாலு பழம் கொடுத்தனுப்புவாள். இலைக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள் என்று பாட்டியும் சமாதானமாகிவிடுவாள். பதினோரு வருஷம் இப்படியே ஓடியது.

சென்ற ஆண்டு ஏழாம் மாதத்தில் அவர் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போயிருந்தார். வேலியோரம் பேத்தி நின்றாள். நாலாம் ஆண்டு மாணவி. பள்ளியில் மாண்டரின், விளையாட்டில் கான்டனீஸ், இரண்டிலும் தொனி சுத்தம். அந்தப் பாட்டி பேசியதை இந்தப் பாட்டிக்கும், இந்தப் பாட்டி பேசியதை அந்தப் பாட்டிக்கும் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தாள். கிழவி என்ற சொல்லையும் விடவில்லை.

பரிசோதனை முடிந்து துபாஷி வீடு திரும்பியபோது இரண்டு வீட்டிலும் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. ஒரு மாதம் மாம்பழம் வேலி தாண்டவில்லை. நிலாப் பண்டிகை நெருங்கியது. ஒரு மாலை அவர் வேலியோரம் போய் நின்றார். அங்கே கொஞ்சம் கான்டனீஸ், இங்கே கொஞ்சம் தமிழ் என்று அரைமணி நேரம் இரு பக்கமும் திரும்பித் திரும்பிப் பேசினார். இருட்டும்போது பாட்டி வீட்டிலிருந்து இரண்டு தம்புன் பம்பளிமாசு வேலி தாண்டி வந்தன.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பேத்தி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"தாத்தா, நீங்க சொன்னது ஒண்ணுகூட அவங்க சொன்னதே இல்ல. எல்லாமே தப்பு. எங்க டீச்சரா இருந்தா சைபர் போடுவாங்க."

அவர் பழத்தை உரித்து ஒரு சுளையை நீட்டினார்.

"போடட்டும்மா. இனிக்குதா பாரு."