தூங்க வந்த குற்றவாளி

இரவு ஒரு மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ் இறக்கிவிட்டுப் போய்விட்டால், விடியும்வரை தலைசாய்க்க இடம் தேடுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் குற்றமில்லை; அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதையிலும் குற்றமில்லை. லாட்ஜ் ரிசப்ஷனில் மட்டும் அது குற்றம்.

"எந்த ஊரு? எதுக்கு வந்தீங்க? எத்தன பேரு? கூட நிக்கிறவங்க யாரு?" மேஜைக்குப் பின்னால் கைலி கட்டிய நீதிபதி, பாதித் தூக்கத்தில் விசாரணையைத் தொடங்குவார். தாலி தெரிகிறதா என்று ஒரு பார்வை. இரண்டு ஆதாரிலும் முகவரி ஒன்றுதானா என்று இன்னொரு பார்வை. தனியாக வந்த பெண்ணா? "லேடீஸுக்கு சிங்கிளா குடுக்கிறதில்லம்மா, ரிஸ்க்கு." ஆக, நள்ளிரவில் அவளுக்குப் பாதுகாப்பான இடம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுதான் என்று தீர்ப்பு. அந்த ரிஸ்க்கு யாருக்கு என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

இந்த வட்டாரத்து லாட்ஜ்களில் படுப்பவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். அனல்மின் நிலையத்துக்கு ஒப்பந்த வேலைக்கு வருகிறவர்கள், பண்ருட்டிக்குப் பலாவும் முந்திரியும் வாங்க வருகிறவர்கள், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இறக்கிவிட்டு முதுகு நிமிர்த்தப் பார்க்கும் லாரிக்காரர்கள். இவர்களிடம்தான் இத்தனை கேள்வி. கேள்வி போதாதென்று, 1000 ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லாமல் இருந்ததையும் பொறுக்காமல், 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் விதித்தார்கள். மூன்று வருஷம் கழித்து 5 ஆகக் குறைத்துவிட்டு, அதையும் சாதனையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

விசாரணையில் தேறினால் சாவி கிடைக்கும். கதவில் தாழ்ப்பாள் இருக்கும். அது போய் மாட்டவேண்டிய ஓட்டை இருக்காது. "பெட்ஷீட் மாத்தியாச்சு சார்" என்பான் ரூம் பாய். பொய்யில்லை; பக்கத்து அறையில் கிடந்ததை இங்கே மாற்றியிருப்பான், இங்கே கிடந்ததை அங்கே. மூட்டைப்பூச்சிகளிடம் யாரும் ஆதார் கேட்பதில்லை, அவை நிரந்தர வாசிகள். ஜன்னலைத் திறந்தால் சாக்கடை, மூடினால் மூச்சு முட்டும். மூன்று மணிக்கு "செக்கிங்" என்று கதவு அதிரும். எழுந்து உட்கார்ந்து மறுபடியும் பெயர், ஊர், அப்பா பெயர். ஒன்பது மணிக்கு மீண்டும் கதவு அதிரும்: "காலி பண்றீங்களா, இன்னொரு நாள் போட்றவா?"

வாங்கிய ஆதார் ஜெராக்ஸ் எங்கே போகிறது? 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் அறிக்கை விட்டது: உரிமம் பெறாத ஹோட்டல்களும் தியேட்டர்களும் ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, அது குற்றம் என்று. நாட்டு மக்கள் 'அடடா' என்று வாயைத் திறப்பதற்குள், மே 29 அன்று மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. மக்கள் தப்பாகப் புரிந்துகொண்டுவிடுவார்களாம்! சரியாகப் புரிந்துகொண்டதுதான் அரசுக்குப் பிரச்சினை.

ஒழுக்கக் காவலுக்கும் சட்டம் துணையில்லை. 2019-ல் கோவையில் திருமணமாகாத ஒரு ஜோடி தங்கியிருந்ததையும் ஒரு காரணமாகச் சொல்லி ஒரு விடுதிக்கே சீல் வைத்தார்கள் அதிகாரிகள். அப்படித் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று கூறி, சீலை அகற்றச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு இன்னும் ரிசப்ஷன் மேஜைவரை வந்து சேரவில்லை. பல வருஷம் இழுத்த விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை வேலைபோல, வழியிலேயே நிற்கிறது.

1867-ல் வெள்ளைக்காரன் சராய்ச் சட்டம் என்று ஒன்று போட்டான். சத்திரம் நடத்துகிறவன் அறையையும் திண்ணையையும் சாக்கடையையும் சுத்தமாக வைக்கவேண்டும், மனிதர்களும் மாடு குதிரைகளும் குடிக்கும் கிணற்றைத் தூர்வாரவேண்டும், காவலாள் போடவேண்டும், கட்டணப் பட்டியலை எல்லோரும் பார்க்க மாட்டவேண்டும். தவறினால் 20 ரூபாய்வரை அபராதம். அடிமை நாட்டுக் குதிரைக்குக் கிடைத்த அந்த மரியாதை, சுதந்திர நாட்டு லாரி டிரைவருக்குக் கிடைக்கவில்லை.

அதே 1867-ல்தான், நெய்வேலிக்குப் பக்கத்து வடலூரில் வள்ளலார் தருமசாலையைத் திறந்தார். சாதி கேட்காமல், மதம் கேட்காமல், எதற்கு வந்தாய் என்று கேட்காமல் சோறு போடும் அடுப்பு அங்கே இன்றும் எரிகிறது. அதே ஊர்ப் பக்கத்தில் காசு கொடுத்துப் படுக்க வருகிறவனிடம்தான் அப்பன் பெயர்வரை கேட்கிறார்கள்.

உள்ளாட்சி உரிமம் கொடுக்கிறது, போலீஸ் ரெஜிஸ்டரைப் பார்க்கிறது, வரித்துறை பில்லைப் பார்க்கிறது. கழிப்பறையை எவனும் பார்ப்பதில்லை. அடுத்த தடவை உங்களிடம் ஆதாரைக் கேட்டால், கொடுப்பதற்கு முன் லாட்ஜின் உரிமத்தையும் வாடகைப் பட்டியலையும் கேளுங்கள். அறையைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.