சோற்றின் எடையும் கன அளவும்: சங்கரன்கோவிலை முன்வைத்து ஓர் ஆய்வு

சர்க்கரை நோய்க்காரர் கையில் கொடுத்தனுப்பும் உணவுப் பட்டியலில் ‘மதியம்: சோறு 150 கிராம்’ என்றிருக்கும். வீட்டில் இருப்பதோ உழக்கும் கரண்டியும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வழியைத் தமிழாய்வுலகம் இதுகாறும் சொல்லாத குறையை நீக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் தற்செயலாக அமைந்ததன்று. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் எனும் இரு நாகர்கள் வழக்காடிய தலம் சங்கரன்கோவில். கோமதி அம்மன் தவமிருந்து, சுவாமி பாதி அவராகவும் பாதி இவராகவும் காட்சி கொடுத்த பிறகே வழக்கு தீர்ந்தது. ஆண்டுதோறும் ஆடித் தபசு அதற்காகத்தான். சோற்று விவகாரத்திலும் இரு கட்சி உண்டு. எடைக் கட்சி தராசை நம்பும், அளவைக் கட்சி கும்பாவை நம்பும். இவர்களுக்காக இன்னும் யாரும் தவமிருக்கவில்லை.

முன்னோர் இதில் கைகொடுப்பதாயில்லை. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு நாழி என்பது பழைய வாய்பாடு. ஆக நாழிக்கு 14,400 நெல். நெல்லை இப்படி எண்ணிய மகான்கள் பருக்கை பக்கம் வரவே இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் மரக்காலுக்கு ஆடவல்லான் என்று ஆண்டவன் பெயரையே சூட்டினார்கள். அதில் அளந்ததும் நெல்தான். மெட்ரிக் முறைக்கு 1956இலேயே சட்டம் வந்துவிட்டது. 1967 தேர்தலில் அண்ணா சொன்னதோ ரூபாய்க்கு மூன்று படி அரிசி. (வந்தது ஒரு படி, அதுவும் முதலில் சென்னைக்கும் கோவைக்கும். சங்கரன்கோவில் படிகள் காத்திருந்தன.) சத்துணவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் என்பதும் அரிசிக் கணக்கே. வெந்தபின் கணக்கு கரண்டி பிடித்தவர் கைக்குப் போய்விடுகிறது.

அரிசியில் ஈரம் நூற்றுக்கு 12 போல இருக்கும். சோற்றில் அது 70ஐ நெருங்கும். அதனால் ஒரு கிலோ அரிசி மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான சோறாகும். கஞ்சியோடு வடிந்துபோகும் மாவை எந்தக் கணக்கில் எழுதுவது என்ற சில்லறைத் தகராறு தவிர, எடை ஒருவாறு பிடிபடுகிறது. ஏய்ப்பது கன அளவுதான். உதிரியான சோறு லிட்டருக்கு ஏறத்தாழ 680 கிராம். குழைந்ததை அமுக்கினால் 800ஐ எட்டும். அதாவது அந்த 150 கிராம், உதிரியாக வடித்த வீட்டில் 220 மில்லி. குழைய விட்ட வீட்டில் 190கூட இல்லை. மருந்து ஒன்று, வீட்டுக்கு வீடு கிண்ணம் வேறு.

இவ்விடத்தில் ‘அமுக்கு விசை’ என்னும் காரணியை ஆய்வுலகுக்கு அறிமுகம் செய்கிறோம். அளவுச் சாப்பாட்டுக் கடையில் கிண்ணத்தில் அள்ளி அப்படியே இலையில் கவிழ்ப்பார்கள். அங்கே இவ்விசை பூச்சியம். பேரன் ஊரிலிருந்து வந்த நாளில் ஆச்சி கரண்டியின் முதுகால் அழுத்தும்போது அது உச்சத்தைத் தொடுகிறது. “ஒத்தக் கரண்டிதானய்யா வச்சேன்” என்று ஆச்சி சொல்வது கன அளவில் முழு உண்மை, எடையில் முழுப் பொய்.

ஆகவே வேகுமுன் அளப்பதே நேர்மையான வழி. 150 கிராம் சோற்றுக்கு 55 கிராம் போல அரிசி, ஆழாக்கில் பாதிக்கும் கீழே. இதை அடுப்படியில் போய்ச் சொல்லிப் பார்க்கலாம். ஆறு பேருக்கு ஒரே பானை. உம்முடைய 55 கிராம் அதில் எந்த மூலையில் வெந்தது என்று கேட்பார்கள். இந்த மறுப்புக்கு ஆய்வாளரிடம் விடையில்லை.

பழைய சோற்றில் சிக்கல் முற்றுகிறது. நீத்தண்ணி சோற்றைச் சேர்ந்ததா, தனிப்பொருளா? வடித்துவிட்டு நிறுக்க வேண்டும் என்கிறது எடைக் கட்சி. வடித்துவிட்டால் அது பழைய சோறே இல்லை என்கிறது அளவைக் கட்சி. சின்ன வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுநிலை காப்பது கடினமாதலால், இந்த ஓர் இடத்தில் கட்டுரையாளர் அளவைக் கட்சியில் சேர்கிறார்.