கட்டைவிரல் தொண்டூழியர்கள்

சிங்கப்பூரின் தெம்பனிஸ் ஒருகாலத்தில் மணல் குவாரியும் தோட்டமுமாகக் கிடந்த கம்பத்துப் பகுதி. அந்நாளில் சமூக நிலையம் கூட்டம் சேர்க்க அதிகம் பாடுபடவில்லை. 1963இல் தொலைக்காட்சி வந்தது. நிலையங்களில் பெட்டி வைத்தார்கள். அக்கம்பக்கம் தானாக வந்து உட்கார்ந்தது.

இன்றோ, 2017இல் திறக்கப்பட்ட நமது தெம்பனிஸ் நடுவத்தில் நீச்சல் குளங்கள், நூலகம், உணவங்காடி, 5,000 பேர் அமரும் விளையாட்டரங்கம் எல்லாம் ஒரே வளாகத்தில். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் தீவில் எந்த வட்டாரத்துப் பொங்கல் விழாவுக்குப் போனாலும், நாற்காலி அடுக்குவது அதே நாலு பேர்தான்.

வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்குப் பஞ்சமா? "சனிக்கிழமை காலை யார் வர்றீங்க?" என்றால் கட்டைவிரல்கள் வரிசையாக நிமிரும். மற்ற விரல்களும் சேர்ந்து வந்தால் கோலமாவது போடலாம். சிறப்பு விருந்தினர் வரும் நேரம் நெருங்கியதும் பாருங்கள், எங்கிருந்தோ சீருடை டி-சட்டைகள் முளைக்கும். பானை பொங்குமுன் படம் பொங்கிவிடும்.

"தம்பி, அந்தக் கரும்பைப் பிடிங்க" என்றார் ஓர் அக்கா. தம்பி பிடித்துக்கொண்டு கேமராவைத் தேடினார்.

"படத்துக்கு இல்லப்பா, கட்டுறதுக்கு!"

கார் நிறுத்தக் கட்டணம் ஏறுகிறது என்று தம்பி கிளம்பிவிட்டார். அடுத்த கூட்டத்தில் அவர்தான் ஏற்பாட்டுக் குழுத் துணைத் தலைவர். கரும்பு கட்டிய அக்காவுக்குத் தேநீர்ப் பொறுப்பு.