ஆயில் மாற்றும் வைபவம்

சித்திரை முடிந்து கிளிமூக்கு மாங்காய் திரளத் தொடங்கும் வேளையில், சித்தூர்ப் பக்கத்தில் பிக்கப் வண்டி வைத்து ஜீவனம் நடத்துகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு கடமைகள் காத்திருக்கின்றன: ஒன்று, வழக்காடுகிறவர்களெல்லாம் பொய்ச் சத்தியம் செய்ய அஞ்சுகிற காணிப்பாக்கம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது, மற்றொன்று, வண்டிக்கு இஞ்சின் ஆயில் மாற்றுவது. தேங்காய் சற்றுத் தாமதமானால் பிள்ளையார் பொறுத்துக்கொள்வார். மாங்கூழ் ஆலைகளின் வாசலில் வண்டிகள் நீள வரிசை கட்டிப் பத்தடி நகர்வதும் நிற்பதுமாக ராத்திரி முழுவதும் உறுமிக்கொண்டிருக்கிற பருவத்தில், பழைய ஆயிலோடு காலம் தள்ளுகிறவனை இஞ்சின் பொறுப்பதில்லை.

இந்தக் காரியத்தை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பதே விவேகம் என்பது என் மனைவியின் திடமான அபிப்பிராயம். ஆனால் ஊற்றுகிற எண்ணெய் எது, போட்ட ஃபில்டர் புதியதா, துடைத்து வைத்த பழையதா என்பதைக் கண்ணால் பார்த்தாலொழிய எனக்குத் தூக்கம் வராது. ஆகையால் அவள் ஒரே ஒரு நிபந்தனையோடு அனுமதி அளித்தாள். “செய்யுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா வாசல்ல ஒரு சொட்டு விழக் கூடாது.”

ஒரு சொட்டும் சிந்தாமல் செய்வது அசாத்தியமல்ல. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கல்லை அண்டை கொடுத்த பிறகு, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். எண்ணெய் இளஞ்சூடாக இருந்தால் இளகி, அழுக்கையும் வாரிக்கொண்டு இறங்கும். கொதிக்கக் கொதிக்க இருந்தால் கையைப் பதம் பார்த்துவிடும். பிக்கப் வண்டி உயரமானதாகையால், கல்யாணச் சாப்பாட்டில் அதிக சிரத்தை காட்டாத தேகமாயின், ஜாக்கி இல்லாமலே சாக்கை விரித்து அடியில் நுழைந்துவிடலாம். டிரெயின் நட்டை ஸ்பானரால் தளர்த்தியபின் கடைசி மரைகளை விரலால் கழற்றுகையில், நட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே திருப்பி, முழுவதும் விடுபட்டது தெரிந்த கணத்தில் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அப்போது முன்கை தரைக்குக் கிடையாக இருப்பது அவசியம், இல்லாவிடில் எண்ணெய் மணிக்கட்டில் தொடங்கி முழங்கை வழியாக அக்குள் வரையில் யாத்திரை செய்யும்.

அதன் பிறகுதான் சோதனை. ஐந்தாறு லிட்டர் எண்ணெய் ஒரே இடத்தில் விழும் என்று நம்பிப் பேசினை நட்டுக்கு நேர்க் கீழே வைக்கிறவர்கள் உண்டு. சம்பந்தியின் கோபம் போல அது முதலில் தூரப் பாய்ந்து, வேகம் தணியத் தணியக் கிட்டே வந்து, கடைசியில் நேர் கீழே சொட்டி நிற்கும். அது வருகிற போக்குக்குத் தக்கபடி பேசினையும் நகர்த்திக்கொண்டே வரவேண்டும். ஃபில்டரைக் கழற்றுமுன் அதன்மேல் ஒரு பாலிதீன் பையை மாட்டிவிட்டால், பாதி ரகளை பைக்குள்ளேயே அடங்கிவிடும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவிக் கையாலேயே முடுக்க வேண்டும். அங்கே ஸ்பானரை வைத்துப் பலம் காட்டுகிறவர், அடுத்த முறை அதைக் கழற்றப் படும்பாட்டை நினைத்துப் பார்ப்பதில்லை. நட்டுக்கு அடியில் புதிய செப்பு வாஷரைப் போட்டுவிட்டால் பிற்காலச் சொட்டுக்கும் இடமில்லை.

ஆகவே எண்ணெய் தானாகச் சிந்துவதில்லை. ஆலோசனை சொல்ல வருகிறவர்களால் சிந்துகிறது. ஒருவன் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியுமானால், அந்தக் கால்களைச் சுற்றி ஒரு மகாசபை கூடிவிடுவது நம் தேசத்தின் நெடுநாளைய சம்பிரதாயம். போன தடவை மாற்றிய எண்ணெய் அதற்குள் இப்படிக் கறுத்துவிட்டதென்றால் கடைக்காரன் கலப்படச் சரக்கைக் கொடுத்திருக்கிறான் என்றார் எதிர்வீட்டுக்காரர். டீசல் கரியைத் தன்னுள்ளே தாங்கி, இஞ்சினில் படியவிடாமல் காப்பதுதான் அந்த எண்ணெயின் உத்தியோகம், கறுக்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்று வண்டிக்கடியிலிருந்து நான் சொன்ன சமாதானம் அவர் செவியில் ஏறவில்லை.

திருப்பதியிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் எடுத்துக்கொண்டது மலைப்பாதை விஷயம். 1944-இல் திறந்த முதல் பாதை இப்போது இறங்குவதற்கு, 1974-இல் திறந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு என்று பூர்வ சரித்திரத்தில் ஆரம்பித்து, அலிபிரியிலிருந்து பாரத்தோடு ஏறுகிற வண்டிக்கு 15டபிள்யூ-40 எண்ணெய் போதவே போதாது, வெல்லப்பாகு மாதிரிக் கெட்டியாக ஊற்றவேண்டும் என்று தீர்ப்பளித்தார். அந்த நாற்பது என்பது நூறு டிகிரிச் சூட்டில் அளந்து குறிக்கிற பதமாகையால் நம் ஊர் வெயிலும் மலையேற்றமும் அதற்கு ஒரு பொருட்டல்ல. மேலும், அவர் அந்த மலை ஏறியதெல்லாம் சர்க்கார் பஸ்ஸில். “மாப்பிள்ளே, நட்டை அந்தப் பக்கம் திருப்புங்க!” என்று திசையைக் காலால் சுட்டிக்காட்டினாரே, அந்தக் கால் பேசினின் விளிம்பில் பட்டது.

பிறகு நடந்ததை விஸ்தரிப்பானேன்? மரத்தூள் கிடைக்கவில்லை. பனியன் வேஸ்ட் போதவில்லை. கைக்கு அகப்பட்டது கோலப்பொடி டப்பாதான். அரிசிமாவாக இருந்திருந்தால் எறும்புக்குக்கூட உதவாத பிசினாகியிருக்கும். நல்ல வேளையாகக் கடையில் வாங்கிய கல்மாவு, தூவிக் கொஞ்ச நேரம் விட்டதும் எண்ணெயை நன்றாக உறிஞ்சிக்கொண்டது. மனைவி வெளியே வந்து பார்த்தாள். “கோலம் யார் போட்டது? புள்ளி எத்தனை?” என்று மட்டும் கேட்டாள். மைத்துனர் மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்.

மீந்த கறுப்பு எண்ணெயைச் சாக்கடையில் கொட்டிவிடலாம் என்பது சபையின் ஏகோபித்த முடிவு. சித்தூர்ச் சாக்கடை நீவா நதியைத் தேடிப் போகும். நீவா எல்லையைத் தாண்டிப் பொன்னை என்ற பெயரில் பாலாற்றில் சேரும். இரண்டு ராஜ்யங்களும் தண்ணீருக்கு நீதிமன்றம் போகிற காலத்தில், எண்ணெயைக் கேளாமலே அனுப்பிவைப்பது நல்ல அண்டைவீட்டு லட்சணமாகப் படவில்லை. அது கழிவானாலும் சுத்திகரித்தால் மறுபடியும் எண்ணெயாகக்கூடியது. விற்ற கம்பெனிகளே அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டுமென்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. ஆகையால் வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, புது எண்ணெய் வந்த கேனைத் தூக்கி எறியாதீர்கள். பழையதை அதிலேயே புனல் வைத்து ஊற்றி, மூடியை இறுக்கி, தண்ணீரோ டீசலோ கலக்காமல், பதிவு பெற்ற கழிவு எண்ணெய் வியாபாரியிடம் சேர்ப்பித்துவிடுங்கள்.